இருநூற்றுப் பன்னிரண்டாவது காலியிடம்

நாடாளுமன்றக் கணக்குக் குழுப் பிரிவில் ஒரு காலத்தில் ஐந்து மேசைகள் இருந்தன. ஒவ்வொரு ஆட்குறைப்புக்கும் ஒரு மேசையாக வெளியே போய், கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று என்னுடையது. ஜன்னலுக்குப் பக்கத்தில், தொலைபேசி வைத்த மேசை 'கூட்டல் அக்கா'வுடையது.

அவருக்கு அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. நான் சேருவதற்கு முன்பே கட்டடம் முழுக்க அதுதான் புழக்கத்தில் இருந்தது. எண் இருக்கிற எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் மேலிருந்து கீழாக ஒருமுறை, இடமிருந்து வலமாக ஒருமுறை கூட்டிப் பார்க்காமல் அக்காவால் கீழே வைக்க முடியாது. ஒருநாள் என் சம்பளச் சீட்டை அவர் மேசையில் மறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அதில் இரண்டு இடத்தில் பென்சில் குறி. எட்டு மாதமாக எனக்குக் குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள், எனக்கே தெரியாது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அக்காவுக்குக் கோபமே வராது, அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போனது என்று அவர் சொல்வார். துறை அதிகாரிகள் அரைகுறையாகக் கணக்கு அனுப்பினால் நான் குதிப்பேன். அக்கா தொலைபேசியை எடுத்து, "சார், உங்க நாலாவது பத்தியில ஒரு முப்பது பேர் எங்கயோ போயிட்டாங்க, கொஞ்சம் தேடிப் பாக்கறீங்களா?" என்று காணாமல் போன பூனையைப் பற்றிக் கேட்கிற மாதிரி கேட்பார். மாலைக்குள் அந்த முப்பது பேரும் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

தொலைபேசி விஷயத்தில் மட்டும் அக்கா கறார். மூன்றாவது மணிக்குள் எடுத்தாக வேண்டும். அடுத்த அறையில் இருந்தாலும், கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலும், மணி கேட்டால் ஓடி வருவார். "யாரோ ஒருத்தர் தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு அரசாங்கத்துக்குப் போன் பண்றாங்க தம்பி. நாலாவது மணியில அந்தத் தைரியம் போயிடும்," என்பார். வீட்டிலும் அப்படித்தானாம். அவருடைய கணவர், முன்பு பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர், இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய பணிமனையை முந்தைய ஆட்குறைப்பில் மூடிவிட்டார்கள். அதிலிருந்து சமையல் அவர், சம்பாத்தியம் அக்கா. மகள் நர்சிங் கடைசி வருடம். ஆகவே வீடு முழுவதும் அக்காவின் ஒரு சம்பளத்தில் நின்றது. அதை அவர் பாரமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "என் வீட்டுக்காரர் கையால சாப்பிட அதிர்ஷ்டம் வேணும்," என்று டிபன் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்துவார். உண்மையில் மெக்கானிக் சமையலில் உப்பு ஒருநாளும் சரியாக இருந்ததில்லை. நான் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டேன், வேறென்ன செய்ய.

அந்த வருடம் மறுபடியும் உத்தரவு வந்தது. பொதுத்துறைச் செலவைக் குறைக்க வேண்டும், எங்கெங்கே எத்தனை பதவிகளை ஒழிக்கலாம் என்று எல்லாத் துறைகளும் பட்டியல் தர வேண்டும், அதைக் கணக்குக் குழு சரிபார்த்துச் சபையில் வைக்க வேண்டும். குழுவின் தலைவர் அரசியலுக்கு வருமுன் பல் டாக்டராக இருந்தவர். தானமாக வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ரகம். அவர் முன்னால் சாட்சி சொல்ல உட்காரும் அதிகாரிகள் தம்மையறியாமல் தாடையைத் தடவிக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நியாயமான மனிதர். ஆள் இருக்கிற இடத்தில் கை வைக்கக் கூடாது, ஆள் இல்லாத இடங்களை முதலில் ஒழிப்போம் என்று நின்றார். "இந்தப் பட்டியலால் ஒரே ஒரு ஆள்கூட வீட்டுக்குப் போகமாட்டார்" என்று சபையிலேயே வாக்குக் கொடுத்தார்.

நிர்வாகத் துறை பத்தே நாளில் பட்டியலை அனுப்பிவிட்டது. மொத்தப் பதவிகள் எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. ஆள் இருப்பவை எட்டாயிரத்து நானூற்று இருபத்தெட்டு. காலியிடம் இருநூற்றுப் பன்னிரண்டு. பெயர் கிடையாது. வரிசை எண், பதவிக் குறியீடு, தொலைபேசி எண், அவ்வளவுதான். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மூன்று தடவை கூட்டினார். மேலிருந்து கீழும் சரி, இடமிருந்து வலமும் சரி. "கூட்டல் பொய் சொல்லாது தம்பி," என்று அடியில் கையெழுத்துப் போட்டார். அறிக்கை அச்சுக்குப் போனது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சபையில் வைப்பதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி அடித்தது. அக்கா இரண்டாவது மணியில் எடுத்தார். அந்தக் கருவிக்குக் காது மந்தமாகிவிட்டதால் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசுவோம். அதனால் நானும் கேட்டேன்.

"வணக்கம்மா. அந்தக் காலியிடப் பட்டியல்ல நாப்பத்தேழாவதா ஒண்ணு போட்டிருக்கீங்களே," என்றது வயதான ஒரு குரல்.

"ஆமா, சொல்லுங்க."

"அது நான்தாம்மா."

அவர் ஆற்றின் மேல்பகுதியில் நீர்மட்டம் அளக்கிறவர். காலை ஆறு மணிக்கு ஒருமுறை, மாலை ஆறு மணிக்கு ஒருமுறை அளவுகோலைப் பார்த்துக் கீழேயுள்ள ஊர்களுக்குச் சொல்ல வேண்டும். மாவட்ட அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. காலியிடப் பட்டியலின் நாற்பத்தேழாவது வரிசையில் உள்ள நீர்மட்ட அளவர் பதவிக்குரிய சாவியையும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸையும் உடனே ஒப்படைக்கவும் என்று அவருக்கே எழுதியிருந்தார்கள்.

"பூட்ஸைக் குடுக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா இன்னைக்குக் காலையிலகூட அதைப் போட்டுக்கிட்டுத்தான் ஆத்துல எறங்கினேன். அதான், யாருக்காவது சொல்லணும்னு தோணிச்சு."

அக்காவின் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. அவருடைய எண்ணைக் குறித்துக்கொண்டு, பூட்ஸை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நிர்வாகத் துறையைக் கூப்பிட்டார். காலியிடங்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். அந்தப் பக்கம் ஒரு அதிகாரி பெருமையாகவே விளக்கினார். பத்து நாளில் எட்டாயிரம் பதவிகளை எப்படி நேரில் போய்ப் பார்ப்பது? ஆகவே விடுப்புப் பதிவேட்டை எடுத்தார்களாம். எந்தப் பதவியில் மூன்று வருடமாக ஒரு விடுப்பு விண்ணப்பம்கூட வரவில்லையோ, அந்தப் பதவியில் ஆள் இல்லை.

"மூணு வருஷம் ஒரு நாள்கூட லீவு போடாம எந்த மனுஷன் மேடம் இருப்பான்?" என்றார் அவர்.

கேட்பதற்கு என்னவோ புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது. ஆனால் ஒற்றை ஆள் வேலை பார்க்கிற இடங்களில், மாற்றுக்கு ஆள் இல்லாததால் லீவே போட முடியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. சம்பளம் போடுகிற அலுவலகத்துக்கு ஆளைத் தெரியும், பதவி தெரியாது. பதவியை எண்ணுகிற அலுவலகத்துக்குப் பதவி தெரியும், ஆளைத் தெரியாது. இரண்டும் ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கின்றன. பேச்சுவார்த்தைதான் கிடையாது. சபை ஏற்றுக்கொண்டால் பதவி அழியும், அடுத்த மாதம் சம்பளமும் நிற்கும்.

"அவனுங்க பண்ணின தப்பு. அவனுங்களே திருத்தட்டும், நமக்கென்னக்கா," என்றேன்.

"கையெழுத்து என்னோடது தம்பி. கூட்டல் பொய் சொல்லல. ஆள் இருக்காங்களான்னு நான்தான் கேக்கல."

அன்றும் மறுநாளும் நாங்கள் செய்த வேலையை எந்த விதியும் கேட்கவில்லை. நான் பட்டியலைப் பார்த்து எண்களை வாசிப்பேன், அக்கா அழுத்துவார். யாராவது எடுத்தால் மூன்றே கேள்வி. இந்தப் பதவியில் ஆள் இருக்காங்களா, எத்தனை வருடமாக, நீங்கள் வராதபோது இந்த வேலையை யார் பார்க்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சில இடங்களில், அவர் ஓய்வு பெற்று நாலு வருடமாயிற்று என்றார்கள். ஆனால் அங்கங்கே யாராவது மூச்சிரைக்க எடுத்தார்கள். ரத்த வங்கியில் குளிரறை இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண். சவக்கிடங்கில் பதிவேடு எழுதுகிறவர். கடைகளின் எடைக்கற்களைச் சோதிக்கிறவர். மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் ஒரே மாதிரி சற்றுத் தயங்கினார்கள். அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.

புதன்கிழமை மாலை வரை பத்தொன்பது பேர் கிடைத்தார்கள். கடைசி எண் பாக்கி. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டாவதை இலக்கம் இலக்கமாக வாசித்தேன். அக்கா அழுத்தினார். விட்டு விட்டு ஒலி வந்தது, லைன் பிஸி. பத்து நிமிடம் கழித்து மறுபடி. அப்போதும் பிஸி. மூன்றாம் முறையும் அதேதான்.

"பேசிக்கிட்டே இருக்காங்க. நெறைய வேலை போல. பாவம். ஆள் இருக்குன்னு போட்டுக்கோ," என்றார் அக்கா.

டிக் போடப் போனவன் நிமிர்ந்தேன். தொலைபேசியின் நெற்றியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. போன வருடம் இணைப்பகம் மாறியபோது எல்லோருக்கும் புது எண் கொடுத்து ஒட்டிவிட்டுப் போனது. உள்ளே பேச மூன்று இலக்கம் போதும் என்பதால் அதை நாங்கள் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. வெளியாட்களுக்கு வரவேற்பறையிலிருந்தே இணைத்துவிடுவார்கள். தன் எண்ணுக்குத் தானே யார் போன் போடுவார்கள்?

பட்டியலைச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டையும் பார்த்தார். கூட்டிப் பார்க்கிற மாதிரி விரலால் ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டார்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான். முப்பத்தொரு வருடத்தில் அக்கா ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று அனுமதி வாங்கியிருக்கிறார். கணவருக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி பின் தெருவில்தான் இருக்கிறது என்று சாப்பாட்டு இடைவேளையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மகள் பிறந்தபோது எடுத்த மகப்பேறு விடுப்புதான் கடைசி. மேசைகள் ஐந்திலிருந்து இரண்டான பிறகு, தான் வராவிட்டால் குழு ஓடாது என்ற பயம் அவருக்கு.

"அப்போ இருபதுக்கா," என்றேன்.

"பத்தொன்பதுன்னே எழுது."

"என்னக்கா சொல்றீங்க?"

"நாளைக்குத் தலைவர் முன்னால நிக்கப் போறேன். உங்க வாக்கு பொய்யாகப் போகுது சார், அச்சான அறிக்கையைத் திருத்துங்கன்னு கேக்கப் போறேன். அந்தப் பட்டியல்ல என் பதவியும் இருந்தா என்ன நெனைப்பாரு? தன் வேலையைக் காப்பாத்திக்க பத்தொன்பது பேரைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்கன்னுதான் சொல்வாங்க. அப்புறம் அந்த ஆத்துக்காரர் சொல்றதையும் யாரும் நம்ப மாட்டாங்க."

"உங்க வீட்டுக்கு யாரு சோறு போடுவாங்க?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம். எழுது."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத மாட்டேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, முகம் கழுவப் போனார். அவர் நடந்து போகும்போது செருப்பின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பதைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாசலில் வழக்கம்போல மெக்கானிக் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். வாக்குக் கொடுத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்தார்.

"அவகிட்டப் பேசிப் பிரயோஜனம் இல்ல தம்பி. பிடிச்ச முயலுக்கு மூணே கால். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன், ஒரு போன் மணிக்கு மட்டும்தான் அவ பிடிவாதத்தை விட்டுட்டு ஓடுவா," என்றார்.

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அக்கா வந்து பின்னால் ஏறிக்கொண்டார், இருவரும் போனார்கள். எனக்கு அன்று இரவு முழுக்க அந்த வாக்கியம் காதில் இருந்தது.

வியாழன் காலை குழு கூடியது. குழு அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் இரண்டே கதவுகள். அக்கா எழுந்து நின்று, பட்டியல் விடுப்புப் பதிவேட்டிலிருந்து தயாரானது, தான் அதைச் சோதிக்காமல் கையெழுத்திட்டது தவறு, காலியிடம் என்று போட்ட இடங்களில் பத்தொன்பது பேர் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். நான் பின்னால் கோப்புகளோடு நின்றேன். தலைவரின் முகம் இறுகியது. சபையில் வாக்குக் கொடுத்தவர் அவர்தானே.

"போன்ல யாரோ எடுத்தாங்கன்னு அச்சான அறிக்கையை மாத்தச் சொல்றீங்க. நான் எப்படி நம்பறது?" என்றார்.

"போட்டுப் பாருங்க சார்," என்றார் அக்கா.

மேசை நடுவிலிருந்த தொலைபேசியில் நாற்பத்தேழாம் எண்ணைப் போட்டேன். ஆற்றுக்காரர் எடுத்தார். காலை நீர்மட்டம் எவ்வளவு என்று தலைவர் கேட்க, அளவைச் சொன்னதோடு நில்லாமல், "ஏங்க, கீழ ஏதாவது வெள்ளமா?" என்று கவலையோடு திருப்பிக் கேட்டார். உறுப்பினர்கள் சிரித்துவிட்டார்கள். அடுத்து ரத்த வங்கிப் பெண். அவருக்குப் பேச நேரமில்லை, மூன்று பதிலையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தலைவர் விடவில்லை. "சரி. இப்போ உண்மையான காலியிடம் ஒண்ணுக்குப் போடுங்க. மணி அடிச்சுக்கிட்டே இருக்கணும், யாரும் எடுக்கக் கூடாது. அப்பத்தான் நீங்க சோதிச்ச முறை சரின்னு ஒத்துக்குவேன்."

எந்த எண்ணுக்கு என்று அவர் சொல்லவில்லை. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு எண்கள் என் கையில் இருந்தன. நான் இருநூற்றுப் பன்னிரண்டைப் போட்டேன்.

மேசையில் ஒலி கேட்பதற்கும், இரண்டு கதவுகளுக்கு அப்பால் நிஜமான மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. அக்காவின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. நான் போட்டது எந்த எண் என்று யோசிக்க அவருக்கு நேரமிருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கால்கள் முந்திக்கொண்டன.

"மன்னிக்கணும் சார், ஒரு நிமிஷம், போன் அடிக்குது," என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து ஓடினார். தேய்ந்த செருப்பு நடைபாதையில் தட்டுகிற சத்தம் கேட்டது.

இரண்டாவது மணி. மூன்றாவது மணி முடிவதற்குள் மேசை மேலிருந்த கருவியில், மூச்சு வாங்கும் குரல் வந்தது.

"வணக்கம், கணக்குக் குழுப் பிரிவு."

தலைவர் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பட்டியலை வாங்கிக் கடைசி வரியைப் பார்த்தார். பிறகு, மூடாமல் ஆடிக்கொண்டிருந்த கதவைப் பார்த்தார். பல் டாக்டர்களுக்கு எது எங்கே வலிக்கிறது என்று சீக்கிரம் தெரிந்துவிடும் போலிருக்கிறது. கருவிக்கு அருகே குனிந்தார்.

"அம்மா, இந்தப் பதவியில ஆள் இருக்காங்களா?"

கருவியில் அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது. ஒருவேளை வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அக்கா ஒருநாளும் போனை வைத்ததில்லை.

"இருக்காங்க சார்."

"எத்தனை வருஷமா?"

"முப்பத்தொரு வருஷமா சார்."

"நீங்க வராதப்போ இந்த வேலையை யார் பாக்குறாங்க?"

இரண்டு நாளாக அவரே எல்லோரிடமும் கேட்ட கேள்வி. மற்றவர்கள் தயங்கிய அதே இடத்தில் அவரும் தயங்கினார்.

"மக பொறந்ததுக்கு அப்புறம் நான் வராம இருந்ததில்ல சார்," என்றார். குரல் உடைந்துவிட்டது.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். திருத்தச் சீட்டில் பத்தொன்பதை அடித்து, இருபது என்று தன் கையாலேயே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தார். மறுநாள் சபையில் எழுந்து, தான் கொடுத்த வாக்கு தன் அவசரத்தால் பொய்யாகிவிட்டது, இருபது பேரைக் காலியிடம் என்று சொல்லிவிட்டோம், அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம் என்றார். எந்த அறிக்கையிலும் அதற்கு முன் நான் மன்னிப்பு என்ற வார்த்தையைத் தட்டச்சு செய்ததில்லை.

அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் டிபன் டப்பா என் பக்கம் நகர்ந்தது. அன்று உப்பு இன்னும் மோசம்.

குழு ஒரு நிபந்தனையும் போட்டிருந்தது. அந்த இருபது பேரும் மாதம் முடிவதற்குள் ஒருநாளாவது விடுப்பு எடுக்க வேண்டும், அந்த இடங்களுக்கு மாற்று ஆளைத் துறை தர வேண்டும். ஆற்றுக்காரர் பேத்தியைப் பார்க்கப் போனதாகக் கேள்வி. அக்காவுக்கு விண்ணப்பம் எப்படி எழுதுவதென்றே மறந்துபோயிருந்தது, நான்தான் எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று அரை மணி நேரம் யோசித்து, கடைசியில் "வீட்டில் இருக்க" என்று எழுதினார்.

அவர் விடுப்பு எடுத்த திங்கட்கிழமை நான் தனியாக இருந்தேன். பதினொரு மணி வாக்கில் டீக்குப் பால் சுட வைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எடுத்தேன்.

"வணக்கம், கணக்குக் குழுப் பிரிவு."

"நாலாவது மணியில எடுக்கறியே தம்பி," என்றார் அக்கா.